எண்கோண முத்திரையும் செசில் கிம்பரும்

நம் நாட்டுச் சாலைகளில் 2019ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் சில மகிழுந்துகளின் முகப்பில் எட்டு மூலைகள் கொண்ட ஒரு முத்திரையையும், அதனுள் எம், ஜி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளையும் மாணவ நண்பர்கள் கண்டிருக்கக் கூடும். இன்று அம்முத்திரை சீன நாட்டின் ஷாங்காய் நகர நிறுவனம் ஒன்றின் உடைமை. அது பிறந்ததோ இங்கிலாந்து நாட்டின் ஆக்ஸ்போர்டு நகரில். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், ஒரு மகிழுந்து விற்பனை நிலையத்தின் மேலாளராக இருந்த செசில் கிம்பர் என்பவர் அதற்கு உயிர் கொடுத்தார். அவ்விரண்டு எழுத்துகளும் அவர் பெயரின் முதலெழுத்துகள் அல்ல. அவர் ஊழியம் பார்த்த முதலாளிக்குரிய 'மாரிஸ் கராஜஸ்' என்னும் நிலையத்தின் பெயரைக் குறிப்பவை அவை. புரவலன் பெயரை நூலுள் வைத்துப் பாடுவது நம் புலவர் மரபு. கிம்பரும் அவ்வாறே தம் புரவலரின் பெயரை வண்டியின் நெற்றியில் வைத்தார். அவர் அடைந்த வாழ்வும் அவருக்கு நேர்ந்த வீழ்ச்சியும் இந்த ஒரு செய்தியிலேயே அடங்கியுள்ளன.

கிம்பர் 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் அச்சு இயந்திரத் தொழிலும் அச்சு மைத் தொழிலும் நடத்தியவர். குடும்பம் வடக்கே லங்காஷயர் பகுதிக்குக் குடிபெயர்ந்தமையால் சிறுவர் கிம்பர் ஸ்டாக்போர்ட் இலக்கணப் பள்ளியில் பயின்றார். பள்ளிக்கல்வி முடிந்ததும் தந்தையாரின் தொழிலிலேயே சேர்ந்தார். ஆயினும் அவர் மனம் மையில் தோயவில்லை. மோட்டார் சைக்கிள்களையே சுற்றி வந்தது. அந்நாளில் மோட்டார் சைக்கிள் இளைஞர்களுக்குப் புதுமையான பொருள். சாலை விதிகள் முழுமை பெறாத காலம் அது.

இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தபோது கார் ஒன்று மோதி அவருடைய வலது கால் நொறுங்கியது. அறுவை மருத்துவம் பலமுறை செய்தும் எலும்பு கூடவில்லை. காலையே நீக்கிவிடுவது என்று மருத்துவர்கள் முடிவு செய்த வேளையில் எலும்பு கூடத் தொடங்கிற்று. கால் தப்பியது, எனினும் சற்றுக் குட்டையாகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் அவர் சாய்ந்து சாய்ந்தே நடந்தார். நடப்பதில் குறை நேர்ந்த ஒருவர் விரைந்து ஓடும் வண்டிகளுக்குத் தம்மை ஒப்படைத்துக்கொண்டது வியப்புக்குரியது.

விபத்துக்கு ஈடாகக் கிடைத்த தொகையைக் கொண்டு கிம்பர் ஒரு சிங்கர் மகிழுந்து வாங்கினார். தந்தையாரின் தொழில் அப்போது நலிந்துகொண்டிருந்தது. அத்தொகையைத் தம் தொழிலில் இடவேண்டும் என்று தந்தையார் விரும்பினார், மகன் இசையவில்லை. இதனால் இருவருக்கும் இடையே ஏற்பட்ட பிளவு பின்னர் ஆறவே இல்லை. தந்தை, மகன் இருவரில் எவர் பக்கம் நியாயம் என்று இன்று நாம் தீர்ப்புக் கூற வேண்டுவதில்லை. தந்தையார் வீட்டுத் தொழிலைத் துறந்த மகன், பின்னாளில் மற்றொருவர் வீட்டுத் தொழிலைத் தம் சொந்தத் தொழில் போலவே கருதி உழைக்கப் போகிறார் என்பதை மட்டும் நினைவில் கொள்வோம்.

1915ஆம் ஆண்டு ஐரீன் ஹன்ட் என்னும் பெண்மணியை அவர் மணந்தார். இரண்டு பெண் மக்கள் பிறந்தனர். முதல் உலகப் போர்க் காலத்தில் ஷெஃபீல்டு சிம்ப்ளெக்ஸ், ஏ.சி. முதலிய நிறுவனங்களில் பணியாற்றிவிட்டுப் பர்மிங்காம் நகரில் ரிக்லி என்னும் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். அந்நிறுவனம் மகிழுந்துகளுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்து விற்றது. கிம்பர் தம் கைப்பொருளையும் அதில் முதலாக இட்டார். போருக்குப் பின் அந்நிறுவனம் சரிந்தது; கிம்பரின் பணமும் அதனுடன் போயிற்று. கையில் பொருளின்றி, மனைவியுடன் 1921ஆம் ஆண்டு அவர் ஆக்ஸ்போர்டு நகர் வந்து மாரிஸ் கராஜஸ் நிலையத்தில் விற்பனை மேலாளராகச் சேர்ந்தார்.

அந்நிலையத்தின் உரிமையாளர் வில்லியம் மாரிஸ். மிதிவண்டி பழுதுபார்ப்பவராக வாழ்க்கையைத் தொடங்கி, ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலி என்னும் ஊரில் பெரிய மகிழுந்துத் தொழிற்சாலையை நிறுவியவர் அவர். பின்னாளில் நஃபீல்டு பிரபு என்னும் பட்டம் பெற்றார். அவருடைய கொடையில் எழுந்த நஃபீல்டு கல்லூரியை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். மூச்சு விட இயலாது தவித்த இளம்பிள்ளைவாத நோயாளிகளுக்காக, ஏறத்தாழ 1,700 செயற்கைச் சுவாசப் பெட்டிகளைத் தம் தொழிற்சாலையில் செய்து உலகெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்கு இலவசமாக வழங்கிய வள்ளல் அவர். எனவே இவ்வரலாற்றில் முதலாளியைக் கொடியவராகவும் ஊழியரைப் புனிதராகவும் காண முற்படுவது பொருந்தாது.

1922ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாரிஸ் கராஜஸின் பொது மேலாளர் பதவி கிம்பருக்குக் கிடைத்தது. மாரிஸின் தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிகளை விற்பதும் பழுது நீக்குவதுமே நிலையத்தின் தொழில். கிம்பர் அத்துடன் நிற்கவில்லை. சாதாரண மாரிஸ் வண்டியின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன் வில்களைத் தாழ்த்தி, அழகிய உடற்கூடு ஒன்றை அதன்மேல் பொருத்தினால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்க மக்கள் முன்வருவர் என்று கணித்தார். 'சம்மி' என்ற பெயரில் அவ்வாறு அமைக்கப்பட்ட வண்டியைத் தாமே ஓட்டி, 1923இல் இலண்டனிலிருந்து லேண்ட்ஸ் எண்டு என்னும் மேற்குக் கோடி வரை நடந்த சோதனை ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். அதன்பின் ஆக்ஸ்போர்டில் வண்டிக்கூடு செய்யும் ரேவொர்த் என்பாரிடம் இருவர் அமரும் உடற்கூடுகள் சிலவற்றைச் செய்வித்தார். அவை உடனே விலைபோய்விடவில்லை. எனினும் 1924ஆம் ஆண்டளவில் விளம்பரங்களில் எண்கோண முத்திரை தோன்றிவிட்டது.

1925ஆம் ஆண்டு ஈஸ்டர் விழாவை ஒட்டி நடந்த லேண்ட்ஸ் எண்டு ஓட்டத்துக்கெனக் கிம்பர் தனி வண்டி ஒன்றைக் கட்டினார். பொருளுக்கேற்ற சிக்கனமான உடற்கூடு. தலைக்கு மேல் கூரை இல்லை. அதிலும் தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர் அவ்வண்டியை 300 பவுனுக்கு விற்றுவிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் அது சீர்குலைந்து கிடந்தபோது நிறுவனம் 15 பவுன் கொடுத்து மீட்டுக்கொண்டது. 'முதலாம் எண் பழைய வண்டி' என்று அதற்குப் பெயரும் சூட்டப்பட்டது. உண்மையில் அது முதல் எம்.ஜி. வண்டி அன்று, அதற்கு முன்னரே பல வண்டிகள் விற்றாகிவிட்டன. விளம்பரத்துக்காக எழுந்த இக்கதை வரலாறாகவே நிலைத்துவிட்டது. கிம்பர் பொறியியற் பட்டம் பெற்றவர் அல்லர். ஆனால் மக்கள் மனத்தை அளந்து அறிவதில் அவரை மிஞ்சியவர் அத்தொழிலில் மிகச் சிலரே.

இவ்வளவும் விலை மிகுந்த வண்டிகளின் கதை. கிம்பரின் பெயரை நிலைநிறுத்தியது 1928ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இலண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைக்கப்பட்ட மிகச் சிறிய வண்டியே. அதன் பெயர் 'மிட்ஜெட்'. குள்ளன் என்று பொருள்படும்.

அச்சிறு வண்டி உருவான விதம் சுவையானது. மாரிஸ் 1927ஆம் ஆண்டு வூல்ஸ்லி நிறுவனத்தை ஏலத்தில் வாங்கியிருந்தார். வூல்ஸ்லியார் முதல் உலகப் போரின்போது விமான எஞ்சின்கள் செய்தவர்கள். அந்த அனுபவத்தில் வால்வுகளை மேலிருந்தே இயக்கும் தண்டு கொண்ட சிறிய எஞ்சின் ஒன்றை அவர்கள் வகுத்திருந்தனர். அதன் கொள்ளளவு 847 கன சென்டிமீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 20 குதிரைத்திறன். எளிய மக்களுக்காகச் செய்யப்பட்ட மாரிஸ் மைனர் என்னும் வண்டியில் அது பொருத்தப்பட்டது. குடும்ப வண்டிக்கு வேண்டியதைவிட எஞ்சின் துடிப்பு மிகுந்திருந்தது. அத்துடிப்பே கிம்பரின் கண்ணில் பட்டது. அதே அடிச்சட்டம், அதே எஞ்சின், சட்டத்தைத் தாழ்த்தினார், மரச்சட்டகத்தின் மேல் ஒட்டுப்பலகையும் துணியும் போர்த்தி, படகின் பின்புறம் போலக் கூர்ந்து முடியும் உடற்கூட்டை ஏற்றினார். இருவர் நெருங்கி அமரலாம். மணிக்கு 60 மைலுக்கு மேல் ஓடும். விலை 175 பவுன் மட்டுமே.

அதில் குறைகளும் இருந்தன. வால்வுத் தண்டைச் சுழற்றும் செங்குத்து அச்சு, மின்னாக்கியின் அச்சாகவும் அமைந்திருந்தது. மேலே உள்ள எண்ணெய் கசிந்து மின்னாக்கிக்குள் இறங்கிவிடும். வாங்கியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே துடைத்துவிட்டு ஓட்டினர். அதுகாறும் விரைவு வண்டி என்பது செல்வந்தர் வீட்டுக் கொட்டகையில் நிற்பது. மிட்ஜெட்டின் விலையோ ஓர் இளம் மருத்துவரும், வங்கி எழுத்தரும் சேமித்து வாங்கக் கூடியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் விற்றன. இடம் போதாமையால் 1929ஆம் ஆண்டு நிறுவனம் ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே உள்ள அபிங்டன் என்னும் சிற்றூருக்கு மாறியது. தோல் தொழிற்சாலை ஒன்றின் கட்டடங்கள் அவை. எம்.ஜி. கார் நிறுவனம் 1930இல் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவாயிற்று. கிம்பர் அதன் மேலாண்மை இயக்குநர். பங்குகள் ஏறத்தாழ முழுவதும் மாரிஸுக்கே உரியவை.

அபிங்டன் ஆண்டுகளே கிம்பரின் பொற்காலம். தொழிற்சாலைச் சுவர்களுக்கும் விளம்பரத் தாள்களுக்கும் பழுப்பும் வெண்மஞ்சளும் கலந்த ஒரே வண்ணத்தை வகுத்தார். கையில் கிடைத்த பொருள்களிலெல்லாம் எண்கோணத்தைப் பொறித்தார். அது சில வேளைகளில் அளவு மீறியும் போயிற்று. ஆட்களைத் தேர்வதில் அவர் பட்டத்தைப் பார்க்கவில்லை. சிட் எனெவர் என்னும் சிறுவன் மாரிஸ் கராஜஸில் எடுபிடி வேலைக்கு வந்தவன். அவனிடம் இயந்திர நுண்ணறிவு இருப்பது கண்டு தொழிற்சாலையில் இடம் தரப்பட்டது. ஜான் தார்ன்லி என்பவர் கணக்கு பயின்றுகொண்டிருந்த இளைஞர். தாம் வாங்கிய மிட்ஜெட்டின் மீது கொண்ட காதலால் 1930இல் எம்.ஜி. உரிமையாளர் சங்கம் தொடங்க முனைந்தவர்களுள் ஒருவர். அவரும் அபிங்டனுக்கு அழைக்கப்பட்டார். இவ்விருவரும் மீண்டும் வருவர்.

1931ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாரிஸ் நகரை அடுத்த மோன்லேரி ஓட்டக்களத்தில் ஜார்ஜ் எய்ஸ்டன் என்னும் வீரர், 750 கன சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு வண்டியை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டினார். உலகில் அத்தகைய சிறிய எஞ்சின் அவ்வேகத்தை எட்டியது அதுவே முதன்முறை. குளிரில் எஞ்சின் உறைந்துவிடாமல் காக்கப் பழைய எண்ணெய்ப் பீப்பாயின் தகட்டை அடித்து வளைத்து முகப்பு மூடி செய்துகொண்டனர். அதே ஆண்டு புரூக்லண்ட்ஸ் களத்தில், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு நாள் நடந்த போட்டியில் முதல் ஐந்து இடங்களையும் மிட்ஜெட்டுகளே பற்றின. 1933ஆம் ஆண்டு இத்தாலியின் மில்லே மில்யா ஓட்டத்தில் குழுப் பரிசு பெற்றனர். இத்தாலியர் அல்லாதார் அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. அதே ஆண்டு வட அயர்லாந்தில் இத்தாலிய வீரர் நுவோலாரி எம்.ஜி. வண்டியில் வென்றபோது, அவருக்கு 40 நொடி பின்னால் இரண்டாவதாக வந்ததும் ஒரு மிட்ஜெட்டே.

வெற்றிகளைச் சொல்லும்போது ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். 1932ஆம் ஆண்டு ஜே2 என்னும் மிட்ஜெட் வெளிவந்தது. கதவின் மேல்விளிம்பு முழங்கைக்கு இடம்விட்டு வளைந்து தாழும். எரிபொருள் கலம் பலகை போலப் பின்னால் நிற்கும். அதன்மேல் உதிரிச் சக்கரம். இருபது ஆண்டுகள் வரை உலகம் விரைவு வண்டி என்றால் இவ்வடிவத்தையே எண்ணியது. இவ்வண்டி மணிக்கு 80 மைல் ஓடியது எனப் பத்திரிகை எழுதவேண்டும் என்பது கிம்பரின் ஆசை. பத்திரிகையாளர்க்குக் கொடுத்த வண்டியைத் தனியாகக் கூர்மைப்படுத்தி அனுப்பினார், எண்பதைக் கடந்தது, செய்தியும் வந்தது. அதை நம்பி வாங்கிய இளைஞர்கள் தம் வண்டியையும் அவ்வேகத்துக்கு விரட்டினர். இரண்டே தாங்கிகளில் சுழன்ற வளைதண்டு அதைத் தாங்காது முறிந்தது. முறிந்த தண்டுகள் அபிங்டனுக்குத் திரும்பி வந்தன. மக்கள் மனத்தை அளந்தறிந்தவர் ஓரிடத்தில் அம்மனத்தின் நம்பிக்கையை அளவுக்கு மேல் செலவிட்டுவிட்டார் என்றே கூறத் தோன்றுகிறது.

பந்தயங்கள் புகழைத் தந்தன, பணத்தைத் தின்றன. 1935ஆம் ஆண்டு மாரிஸ் தம் தனியுடைமையாக இருந்த எம்.ஜி. நிறுவனத்தைப் பொது நிறுவனமாகிய மாரிஸ் மோட்டார்சுக்கு விற்றார். அங்கு லியோனார்டு லார்டு என்னும் கண்டிப்பான நிருவாகி பொறுப்பேற்றிருந்தார். பந்தயப் பிரிவு மூடப்பட்டது. வரைவு அலுவலகம் அபிங்டனிலிருந்து எடுக்கப்பட்டுக் கௌலிக்குப் போயிற்று. கிம்பரின் பதவிப் பெயர் மாறவில்லை. அதனுள் இருந்த பொருள் குறைந்துவிட்டது. இனி வண்டியின் வடிவை வேறோர் ஊரில் வரைவார்கள்; இவர் அதைச் செய்து அனுப்ப வேண்டும்.

கணக்கு நோக்கில் லார்டு செய்தது பிழை அன்று என்றும் வாதிடலாம். 1936இல் வெளிவந்த டி.ஏ. மிட்ஜெட் பழைய விமானவழி எஞ்சினை விட்டுவிட்டு, சாதாரண மாரிஸ் எஞ்சினின் வழிவந்த 1,292 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொண்டிருந்தது. பழைய அன்பர்கள் முகம் சுளித்தனர். ஆயினும் வண்டி நன்றாகவே ஓடியது, நன்றாகவே விற்றது. கிம்பர் கசப்பை விழுங்கிக்கொண்டு அதையும் தம் குழந்தையாகவே வளர்த்தார். 1938ஆம் ஆண்டு, தொடக்க நாள்களின் வறுமையில் உடனிருந்த மனைவி ஐரீன் நோயுற்றுக் காலமானார். அதே ஆண்டில் அவர் மறுமணம் செய்துகொண்டார்.

1939இல் போர் மூண்டது. விரைவு வண்டிகளுக்கு இடமில்லை. அபிங்டன் தொழிற்சாலை வெறுமையாயிற்று. தொழிலாளர்கள் கலைந்துவிடுவார்களே என்று அஞ்சிய கிம்பர் தாமே அலைந்து போர்ப்பணிகளைத் தேடினார். ஆல்பமார்ல் என்னும் விமானத்தின் முன்பகுதியைச் செய்யும் ஒப்பந்தம் கிடைத்தது. மேலிடத்தின் அனுமதிக்குக் காத்திராமல் அதனை ஏற்றார். அதுவே குற்றமாயிற்று. நஃபீல்டு குழுமத்தின் துணைத் தலைவராக இருந்த மைல்ஸ் தாமஸ் 1941ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அபிங்டனுக்கு வந்து, பதவி விலகுமாறு கிம்பரிடம் கூறினார். குழுமத்தின் ஒழுங்குக்கு அவர் பொருந்தவில்லை என்பது காரணம். இருபது ஆண்டு உழைப்பு அன்றோடு முடிந்தது.

பெரிய குழுமத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்தால் நிருவாகம் நடவாது என்பது உண்மைதான். தம் ஆட்களுக்கு வேலை தேடிக் கொணர்ந்தவரை அதற்காகவே வெளியேற்றியது நெஞ்சை உறுத்துவதும் உண்மைதான். கிம்பர் எழுப்பிய நிறுவனத்தில் அவருக்கென்று எதிர்த்து நிற்கத்தக்க உரிமை எதுவும் இல்லை. முத்திரையில் இருந்த எழுத்துகள் முதல் நாளிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

பின்னர்க் கிம்பர் கவென்ட்ரி நகரில் சார்ல்ஸ்வொர்த் என்னும் வண்டிக்கூட்டு நிறுவனத்தைப் போர்ப்பணிக்கேற்பச் சீரமைத்தார். அதன்பின் இலண்டனில் எஞ்சின் பிஸ்டன்கள் செய்யும் ஸ்பெஷலாய்டு நிறுவனத்தின் தொழிற்சாலை இயக்குநரானார். 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, அலுவல் நிமித்தமாகப் பீட்டர்பரோ நகருக்குச் செல்ல இலண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ஆறு மணி ரயிலில் ஏறினார். 17 பெட்டிகள் கொண்ட நீண்ட ரயில் அது. நிலையத்தை விட்டதும் சுரங்கவழியில் ஏற்றம். அங்கே அண்மையில் மாற்றப்பட்ட புதிய தண்டவாளத்தில் எஞ்சினின் சக்கரங்கள் வழுக்கின. ரயில் முன்னேறாமல் நின்று, இருளில் மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. ஓட்டுநர் அதை உணரவில்லை. கைகாட்டிப் பணியாளர் மோதலைத் தவிர்க்க வேறு பாதைக்குத் திருப்ப முயன்றார், நேரம் கடந்துவிட்டது. கடைசிப் பெட்டி தடம் புரண்டு கைகாட்டித் தூணில் மோதி நசுங்கியது. இருவர் இறந்தனர், அவ்விருவருள் ஒருவர் கிம்பர். அப்போது அவருக்கு வயது 56. மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டிய வண்டிகளை உருவாக்கியவர், நடை வேகத்தில் பின்னோக்கி நகர்ந்த ரயிலில் உயிரிழந்தார்.

போர் முடிந்த அதே 1945ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அபிங்டன் மீண்டும் மிட்ஜெட் செய்யத் தொடங்கியது. டி.சி. என்னும் பெயர் பெற்ற அவ்வண்டி, போருக்கு முந்திய வடிவமே. ஜே2வின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். பிரிட்டனுக்கு அந்நியச் செலாவணி உயிர்நாடியாக இருந்த காலம். ஏற்றுமதி செய்பவர்க்கே எஃகு கிடைத்தது. 1949 வரை செய்யப்பட்ட பத்தாயிரம் டி.சி. வண்டிகளில் பெரும்பகுதி கடல் கடந்தது. அமெரிக்காவுக்குச் சென்றவை ஏறத்தாழ இரண்டாயிரமே. அவையும் அந்நாட்டு வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கச் சுக்கான் கொண்டவை. ஆயினும் பெரிய வண்டிகளில் பழகிய அமெரிக்க இளைஞர்கள் விரைவு வண்டி என்னும் பொருளையே அவற்றில்தான் கற்றனர். அடுத்து வந்த டி.டி. வண்டி ஏறத்தாழ முப்பதாயிரம் விற்றது. அதன்பின் எம்.ஜி.ஏ. ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1962இல் வந்த எம்.ஜி.பி. ஐந்து லட்சத்தைத் தாண்டியது.

இவ்விரண்டு பிந்திய வண்டிகளையும் வகுத்தவர், எடுபிடிச் சிறுவனாக வந்த சிட் எனெவர். அவை செய்யப்பட்ட காலத்தில் அபிங்டன் தொழிற்சாலையின் பொது மேலாளராக இருந்தவர், கணக்கு மாணவராக வந்த ஜான் தார்ன்லி. 1954இல் வரைவு அலுவலகம் கௌலியிலிருந்து மீண்டும் அபிங்டனுக்கே கொண்டுவரப்பட்டது. மிட்ஜெட் என்னும் பெயரும் 1961ஆம் ஆண்டு ஒரு புதிய சிறு வண்டிக்குச் சூட்டப்பட்டு 1979 வரை வழங்கியது.

1980ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. முத்திரை கைமாறிக் கைமாறி, 2005இல் சீனர் வசமாயிற்று. கிம்பர் தங்கப் பதக்கம் பெற்ற 1925ஆம் ஆண்டு வண்டி கேய்டன் கிராமத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அபிங்டனில் எம்.ஜி. உரிமையாளர் சங்கத்தின் தலைமையகமாக விளங்கும் கட்டடத்துக்குக் கிம்பர் இல்லம் என்று பெயர்.